நம்பியவர் இருவர்

மோசடி வழக்கில் புகார்தாரர் முதலில் காட்ட வேண்டியது, எதிரி சொன்னதைத் தான் உண்மையாகவே நம்பினேன் என்பதை. பொய் என்று தெரிந்தே பணம் கொடுத்தவர், ஏமாற்றிவிட்டார்கள் என்று கோர்ட்டுக்கு வர முடியாது. பெங்களூர் நிருபதுங்கா சாலை மாஜிஸ்திரேட் கோர்ட்டில் நடந்த ஒரு ‘ரைஸ் புல்லர்’ வழக்கில் இந்தச் சாதாரண விதிதான் எங்களைப் பாடாய்ப் படுத்தியது. ஏனென்றால் என் கட்சிக்காரர் நம்பிய விஷயம் அப்படி.

ஸ்ரீராமபுரத்தில் ஹார்டுவேர் கடை வைத்திருந்தவர். காந்திநகர் லாட்ஜ் ஒன்றில் அவருக்கு ஒரு செம்புக் கலசத்தைக் காட்டினார்கள். கோயில் கோபுரத்தில் இருந்ததாம். தலைமுறை தலைமுறையாக இடி விழுந்து செம்பு இரிடியமாக மாறிவிட்டதாம். அரிசியைத் தானே இழுக்குமாம். வெளிநாட்டு விண்வெளி நிறுவனம் ஆயிரம் கோடி கொடுக்கத் தயாராம். தட்டில் பரப்பிய அரிசிக்குப் பக்கத்தில் கலசத்தைக் கொண்டுபோனதும் பத்துப் பதினைந்து மணிகள் நகர்ந்து போய் அதன் வயிற்றில் ஒட்டிக்கொண்டன. பிறகு வெள்ளை அங்கி, முகமூடி, கையில் பீப் சத்தம் போடும் பெட்டியோடு ‘விஞ்ஞானி’ வந்தார். கலசத்தை விலைக்கு வாங்கும்படி யாரும் கேட்கவில்லை. பரிசோதனைச் செலவில் பங்கு போடச் சொன்னார்கள், அவ்வளவுதான். சாமர்த்தியமே அங்கேதான் இருக்கிறது: பொருள் கைமாறவில்லை என்றால் அது போலி என்ற பேச்சே எழாது, சோதனை தவறிவிட்டது என்று சொல்லி மறுபடி பணம் கேட்கலாம்.

இந்த வித்தை எல்லா ஊரிலும் உண்டு. 2018 மே மாதம் டெல்லி போலீஸ் கைது செய்த ஒரு தந்தையும் மகனும், நாசாவுக்கு விற்கப்போவதாகச் சொல்லி ஒரு வியாபாரியிடம் 1.43 கோடி ரூபாய் வாங்கியதாக வழக்கு. ஆனால் இஸ்ரோவும் டி.ஆர்.டி.ஓ. ஆய்வகங்களும் இருக்கும் பெங்களூரில் கதைக்குப் பாதி வேலையை ஊரே செய்துவிடுகிறது. பக்கத்து வீட்டுக்காரரே விஞ்ஞானியாக இருக்கும் ஊரில், லாட்ஜுக்கு ஒருவர் வந்தால் அடையாள அட்டையா கேட்பார்கள்?

இரிடியம் என்னவோ நிஜம்தான். 1803-ல் ஸ்மித்சன் டென்னன்ட் கண்டுபிடித்த, அரிதான, மிகக் கனமான, எளிதில் அரிக்காத உலோகம். ஸ்பார்க் பிளக் முனையில் இருக்கும். 2019 வரை உலகத்துக்கே கிலோகிராம் அளவாக பாரிஸ் அருகே வைத்திருந்த உருளையில் பத்தில் ஒரு பங்கு அதுதான். இடி விழுந்து செம்பு இரிடியமாகாது. இரிடியம் அரிசியை இழுக்கவும் செய்யாது. மடிவாளா தடயவியல் ஆய்வக அறிக்கை இரண்டே வரியில் மாயத்தை முடித்தது: கலசம் செம்பு, உள்ளே காந்தம், அரிசியில் இரும்புத்தூள்.

அதைப் பிடித்துக்கொண்டு எதிர்த்தரப்பு வக்கீல் குறுக்கு விசாரணையில் கேட்டார்: “உங்கள் கடையிலேயே காந்தம் விற்கிறீர்களே, தெரியவில்லையா?” கோர்ட்டே சிரித்தது. ஆனால் சட்டம் சிரிக்கவில்லை. 2024 வரை நடப்பில் இருந்த இந்திய தண்டனைச் சட்டத்தின் 415-ஆவது பிரிவு, ஏமாந்தவர் புத்திசாலியாக இருக்க வேண்டும் என்று எங்குமே சொல்லவில்லை. அசடனுக்கும் அதே பாதுகாப்புதான்.

அடுத்த கேள்விதான் விவகாரமானது. கோயில் கலசம் என்று நம்பினேன் என்றால், திருட்டுச் சொத்தில் பங்கு கேட்டேன் என்றுதானே பொருள்? சாட்சி தன்னைச் சிக்கவைக்கும் கேள்விக்கும் பதில் சொல்லியே ஆக வேண்டும். ஆனால் அப்படிக் கட்டாயத்தில் சொன்ன பதிலை வைத்து அவர்மேல் வழக்குப் போட முடியாது என்று பழைய சாட்சியச் சட்டம் 132-ஆவது பிரிவு காப்பாற்றியது. தவிர, திருட்டுச் சொத்தை வாங்கிய குற்றத்துக்கு அது நிஜமாகவே திருட்டுச் சொத்தாக இருக்க வேண்டும். கலசம் போலி என்பதே அவருக்குக் கவசமானது. அவர் நடுக்கத்தோடு “ஆமாம் சார், நம்பினேன்” என்றார்.

இனி மூன்றாம் எதிரி. கோலார் தங்கவயல்காரர், அப்பா சுரங்கத்தில் வேலை பார்த்தவர். 2001-ல் சுரங்கம் மூடியபின் அங்கிருந்து தினமும் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்கு வரும் ஆயிரக்கணக்கானவர்களில் ஒருவர். என் கட்சிக்காரரை “அண்ணே” என்று கூப்பிட்டு லாட்ஜுக்கு அழைத்துப் போனவர் இவர்தான், கமிஷனும் வாங்கியிருந்தார். ஆனால் இவரும் முந்தின வருஷம் மனைவியின் நகையை அடகு வைத்து அதே கலசத்தில் பணம் போட்டவர். வேறு ஆளைக் கூட்டி வந்தால்தான் போட்டது திரும்பும் என்று முதல் எதிரி சொல்லியிருந்தான்.

ஏமாற்றும் எண்ணம் ஆரம்பத்திலேயே இருந்தால்தான் மோசடி. தானும் நம்பியதால் அந்த எண்ணம் தனக்கு இல்லை, வழக்கிலிருந்து விடுவியுங்கள் என்று சாட்சி விசாரணை தொடங்குமுன்பே அவர் மனு போட்டிருந்தார். அரசு வழக்கறிஞருக்கு உதவியாக எழுத்துமூல வாதம் கொடுத்தவன் நான். ஒரே கலசம், ஒரே அரிசி, இருவருமே பணம் கட்டியிருக்கிறார்கள். என் ஆளின் நம்பிக்கை நிஜம், அவருடையது வேஷம் என்று நான் எழுத வேண்டியிருந்தது. எழுதினேன், மனு தள்ளுபடியானது. அந்தக் கட்டத்தில் நம்பிக்கையை எடைபோட முடியாது, விசாரணையில் பார்க்கலாம் என்பது சட்டப்படி சரியான உத்தரவு. ஆனால் வாய்தாவுக்கு வாய்தா ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு கோர்ட் வராந்தாவில் நின்றவர் அவர்தான். முதல் எதிரி பிடிபடவே இல்லை.

கடைசியில் சமரசம். அதே தண்டனைச் சட்டத்தின் 420-ஆவது பிரிவு மோசடி வழக்கை, ஏமாந்தவர் ஒப்புக்கொண்டு கோர்ட்டும் அனுமதித்தால் முடித்துக்கொள்ள முடிந்தது. அது விடுதலைக்குச் சமம். வாங்கிய கமிஷனை மட்டும் தவணையாகக் கட்டுவதாக மூன்றாம் எதிரி எழுதிக்கொடுத்தார். மீதிப் பணத்தைச் சிவில் வழக்கில் கேட்கலாமா என்றார் கட்சிக்காரர். ரொக்கமாகக் கொடுத்தது, ரசீது இல்லை, அதுவும் தலைமறைவான ஆளிடமிருந்து. வக்கீல் ஃபீஸ்தான் மிச்சமாகும் என்றேன்.

முதல் எதிரி மேல் வழக்கைத் தனியாகப் பிரித்துவிட்டார்கள். அவன் வரும்வரை அது நிலுவையில் இருக்கும், அதற்காகக் கலசமும் கோர்ட் சொத்து அறையில் இருந்தாக வேண்டும். கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்த கட்சிக்காரர் குரலைத் தாழ்த்திக் கேட்டார்: “அந்த ஆள் கிடைக்கலேன்னா அது யாருக்கு சார் போகும்?” நான் பதில் சொல்வதற்குள், இரண்டடி தள்ளி நின்ற மூன்றாம் எதிரியும் திரும்பிப் பார்த்தார்.