குசினியிலிருந்து தொடங்கட்டும் வர்ணம்

யாழ்ப்பாண நகரிலிருந்து பலாலி வீதி வழியாக வடக்கே செல்பவர்கள் திருநெல்வேலியையும் கோண்டாவிலையும் தாண்டியதும் உரும்பிராய்ச் சந்தியை அடைவார்கள். மானிப்பாயிலிருந்து கைதடிக்குச் செல்லும் வீதி அங்கே குறுக்கிடுகிறது. சந்தியைக் கடந்து எந்த ஒழுங்கைக்குள் இறங்கினாலும் கண்ணில் படுவது செம்மண். வெங்காயத்தையும் வாழையையும் புகையிலையையும் வளர்க்கும் அந்த மண், சோளகக் காற்றில் தூசியாக எழுந்து யன்னல்களில் படியும். மாரி மழையில் தெறித்துச் சுவரின் அடியில் சிவப்புக் கரை போடும். அதனால்தான் இங்குள்ள பழைய வீடுகள் பலவற்றில் வெளிச்சுவரின் அடிப்பகுதிக்கு இரண்டு அடி உயரத்தில் காவியோ கடும் சாம்பல் நிறமோ பூசியிருப்பார்கள். அழுக்கு விழும் இடத்தை அறிந்து நிறம் தெரிந்தவர்கள் எமது மூத்தோர்.

பெண் தலைமைத்துவக் குடும்பங்களைச் சந்திப்பது எனது பணி. ஆகவே இந்த ஒழுங்கைகளில் நடக்கும்போது சுவர்களைப் பார்க்கும் பழக்கம் ஏற்பட்டுவிட்டது. வெளிநாட்டுப் பணம் வந்த வீடுகள் செம்மஞ்சளும் ஊதாவுமாகத் தூரத்திலேயே தெரியும். சுண்ணாம்பு பூசிய பழைய கல்வீடுகள் ஆங்காங்கே எஞ்சியுள்ளன. மூன்றாவது வகை, சீமெந்துப் பூச்சோடு நின்றுவிட்ட சாம்பல் நிற வீடுகள். 2012 இல் ஆரம்பித்த இந்திய வீட்டுத்திட்டத்தில் வடக்குக் கிழக்கில் புதிதாக வீடு கட்டிய குடும்பத்துக்கு 5 இலட்சத்து 50 ஆயிரம் ரூபா கட்டம் கட்டமாக வழங்கப்பட்டது. நான் சென்று பார்த்த வீட்டுத்திட்ட வீடுகள் பலவற்றில் கூரையும் கதவும் முடியும்போதே கையிலிருந்ததும் முடிந்துவிட்டது. வர்ணம் "பிறகு பார்ப்பம்" என்று தள்ளிப்போடப்பட்டது.

எங்கள் வீடும் அப்படித்தான் இருந்தது. 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது எனக்கு ஏழு வயது. அடுத்த ஆண்டு திரும்பி வந்தபோது கதவும் யன்னலும் இல்லை, சுவரெல்லாம் ஓட்டை. அப்பா ஓட்டைகளை அடைத்துவிட்டு, சுண்ணாம்பை நீற்றித் துணியில் வடித்து, சிறிது நீலம் கலந்து இரண்டு முறை பூசினார். அன்றிரவுதான் அம்மா அந்த வீட்டில் பாய் விரித்தார்.

அண்மையில் நான் சந்தித்த ஓர் அக்காவுக்கு ஐம்பது வயது இருக்கும். கணவர் இல்லை, இரண்டு பெண் பிள்ளைகள். சாம்பல் நிற வீடு. கனடாவில் இருக்கும் தம்பி நல்லூர்த் திருவிழாவுக்குக் குடும்பத்தோடு வருவதாகச் சொல்லி, பெயின்ற் அடிக்கப் பணமும், நிறத்தின் படமும் தொலைபேசியில் அனுப்பியிருந்தார். முகப்புக்கும் விறாந்தைக்கும் இளஞ்சிவப்பு. அக்காவோடு குசினிக்குள் போனேன். விறகுப் புகையில் நான்கு சுவர்களும் கறுத்திருந்தன. பகலிலும் மின்குமிழ் போட்டுத்தான் அரிசி பார்க்கிறார்.

"அக்கா, உங்களுக்கு எந்த நிறம் விருப்பம்?" என்று கேட்டேன்.

"எனக்கோ?" என்று சிரித்தார். பிறகு, "என்னட்டை இதை ஆர் கேட்டது பிள்ளை? குசினிக்குள்ளை ஆர் வந்து பாக்கப் போயினம்?" என்றார்.

எர்விங் கொஃப்மன் என்ற சமூகவியலாளர் மனிதரின் அன்றாட வாழ்வை முன்மேடை, பின்மேடை என்று பிரித்துக் காட்டியதைப் பல்கலைக்கழகத்தில் படித்தேன். எமது வீடுகளில் முன்மேடைக்கு வர்ணம் உண்டு, பின்மேடைக்குப் புகைதான். அந்தப் பின்மேடையில் நாளின் பெரும்பகுதியைக் கழிப்பவர் பெண். வீதியால் போகிறவர் ஒரு நிமிடம் பார்க்கும் சுவருக்குச் செலவழிக்கிறோம். இருபது வருடம் நாம் பார்த்துக்கொண்டு நிற்கும் சுவரை மறந்துவிடுகிறோம். இதற்காக நுண்கடன் எடுத்தவர்களையும் கண்டிருக்கிறேன். வடக்கு உட்பட வரட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் பட்ட சிறு கடன்களைத் தள்ளுபடி செய்யும் திட்டம் ஒன்றை 2018 இல் அரசாங்கமே கொண்டுவர வேண்டிய நிலை ஏற்பட்டதை நாம் மறந்துவிடக் கூடாது.

எனவே சகோதரிகளே, கையில் இருக்கும் பணத்தில் எதைச் செய்யலாம் என்று பார்ப்போம்.

முதலில் சுவர் காய்ந்திருக்க வேண்டும். தைப்பொங்கலுக்கு முன் அடித்துவிட வேண்டும் என்பது எங்கள் ஊர் அவசரம். ஆனால் ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை பெய்த மழை அப்போதும் சுவருக்குள் இருக்கும். எங்கள் அம்மாவும் ஒரு பொங்கலுக்கு அப்படி அடிப்பித்து, சித்திரைக்கு முன்பே சுவர் கொப்பளித்து உரிந்தது. உள்ளே இருக்கும் ஈரமும் உப்பும் வெளியேற வழி தேடிப் பெயின்றைத் தள்ளுவதே இதற்குக் காரணம். ஓர் அடிச் சதுரப் பொலித்தீனைச் சுவரில் நான்கு பக்கமும் ஒட்டி, மறுநாள் உரித்துப் பாருங்கள். உட்புறம் வியர்த்திருந்தால் இன்னும் பொறுக்க வேண்டும். புதிய சீமெந்துப் பூச்சுக்குக் குறைந்தது 28 நாட்கள் தேவை.

வெளிச்சுவருக்குச் சுண்ணாம்பு இன்றும் நல்லது. அது காற்றிலுள்ள காபனீரொட்சைட்டை உறிஞ்சி மீண்டும் கல்லாக இறுகும். சுவரின் ஈரம் வெளியேற இடம் விடும். பூஞ்சணத்தை அண்ட விடாது. வெயிலைத் திருப்பி அனுப்பி வீட்டைக் குளிர்மையாக வைத்திருக்கும். வருடத்துக்கு ஒரு முறை அடிக்க வேண்டும் என்பதுதான் குறை. நீற்றும்போது கண்ணில் படாமல் பிள்ளைகளைத் தள்ளி வையுங்கள். சுண்ணாம்புச் சுவருக்கு மேல் இமல்ஷன் அடிக்க விரும்பினால், முதலில் நன்றாகச் சுரண்ட வேண்டும். இல்லாவிட்டால் பிடிக்காது.

குசினிக்கு வெளிர் நிறமும் கழுவக்கூடிய பூச்சும் வேண்டும். மினுக்கம் இல்லாத பூச்சு புகைக்கரியைப் பிடித்துக்கொள்ளும். இலேசான மினுக்கம் உள்ளதைச் சவர்க்காரத் தண்ணீரால் துடைக்கலாம். மினுக்கம் கூடினால் மேசன் விட்ட மேடுபள்ளம் எல்லாம் தெரியும். கடையில் அட்டையில் பார்க்கும் நிறம் சுவரில் இன்னும் கடுமையாகத் தெரியும் என்பதால், ஒரு படி வெளிர் நிறத்தைத் தெரியுங்கள். பத்துக்குப் பத்து அடிக் குசினியில் கதவு, யன்னல் போகச் சுமார் 350 சதுர அடி சுவர் இருக்கும். ஒரு லீற்றர், ஒரு முறைக்கு ஏறத்தாழ 100 சதுர அடி வரும். இரண்டு முறை அடிக்க ஏழு லீற்றர் போதும். இந்தக் கணக்கு தெரிந்தால் வீணாக வாங்கமாட்டீர்கள்.

பழைய கதவு, யன்னல்களின் எனாமலைக் காய்ந்தபடி உரஞ்ச விடாதீர்கள். பழைய பெயின்றில் ஈயம் இருக்கக்கூடும். அந்தத் தூசி சிறு பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். தண்ணீர் தெளித்து உரஞ்சுங்கள். கர்ப்பிணிகள் அருகில் நிற்கக் கூடாது. இலங்கையில் பெயின்றின் ஈய அளவுக்கு 2013 முதல் சட்ட வரம்பு உண்டு. தகரத்தில் ஈயம் பற்றி எழுதியிருப்பதை வாசித்து வாங்குங்கள்.

அந்த அக்கா இரண்டு நாள் யோசித்தார். பிறகு வளவிலிருந்த வாழைக்குருத்து ஒன்றைக் கிழித்துப் பையில் வைத்துக்கொண்டு சந்தியிலுள்ள கடைக்குப் போனார். இயந்திரத்தில் கலந்து அதே பச்சையை வெளிறக் கொடுத்தார்கள். தம்பியிடம் சொல்வதுதான் அவருக்குக் கடினமாக இருந்தது. "காசு குசினிக்கும் பிள்ளையளின்ரை அறைக்கும் தான் காணும். முன்னுக்குச் சுண்ணாம்பு அடிக்கிறன்" என்றாராம். மறுபக்கத்தில் சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, "உன்ரை வீடுதானே அக்கா" என்றாராம் தம்பி.

"வெளிநாட்டுக் காசு வந்தும் சுண்ணாம்போ?" என்று அயலில் ஒருவர் கேட்டது உண்மை. அக்கா பதில் சொல்லவில்லை. உள்ளே கூட்டிச் சென்று குசினியைக் காட்டினார். கடைசியாக நான் போனபோது மத்தியானம். மின்குமிழ் அணைந்திருந்தது. மூத்தவள் குசினி வாசலில் இருந்து படித்துக்கொண்டிருந்தாள்.

உங்கள் வீட்டில் அடுத்த முறை பெயின்ற் பற்றிப் பேச்சு எழும்போது, நாளெல்லாம் அந்த வீட்டுக்குள் நிற்பவரிடம் முதலில் கேளுங்கள். அவர் நீங்களாகவே இருந்தால், கேட்கும் வரை காத்திராமல் சொல்லிவிடுங்கள்.