கேடுற்ற உலகின் கதைகளும் வன்னியின் இளம் வாசகரும்

துன்பத்தைத் தேடிச் செல்வார் எவருமிலர். ஆயினும், துன்பமே நிறைந்த உலகொன்றைக் கற்பனை செய்து காட்டும் நூல்களை இளைஞர்கள் நாடிச் சென்று வாசிக்கின்றனர். ஒரு தலைமுறை வாசித்து முடித்ததும் அடுத்த தலைமுறை அவற்றைக் கையிலெடுக்கின்றது. இது ஏன் என்ற வினா எமது வகுப்பறையொன்றில் எழுந்தபோது விரிவுரையாளர் தெளிவானதொரு விடையைத் தந்தார். இத்தகைய நூல்கள் எச்சரிக்கைகள். நாளை நேரக்கூடியதை இன்றே காட்டி இளையோரை விழிப்படையச் செய்பவை. ஆதலாலேயே அவை அவர்களைக் கவர்கின்றன என்றார். குறிப்பேட்டில் அதை எழுதிக்கொண்டேன். எழுதும்போதே என் மனம் அதனை ஏற்க மறுத்தது. மறுப்புக்கான காரணத்தைச் சொல்ல அன்று எனக்கு இயலவில்லை. காலந்தாழ்ந்தேனும் அதனை இங்கு சொல்ல முயல்கிறேன்.

விரிவுரையாளர் கூறியதற்குச் சான்றுகள் உள. 1516இல் தோமஸ் மூர் 'உட்டோப்பியா' எனும் நூலில் ஒரு நல்லுலகைக் கற்பித்தார். அதனைத் தலைகீழாக்கிய நூல்கள் இருபதாம் நூற்றாண்டிற் பெருகின. அல்டஸ் ஹக்ஸ்லியின் 'பிரேவ் நியூ வேர்ல்ட்' 1932இலும், பீகாரின் மோத்திஹாரியிற் பிறந்த ஜோர்ஜ் ஓர்வெல்லின் '1984' 1949இலும், ரே பிராட்பரியின் 'ஃபாரன்ஹைட் 451' 1953இலும் வெளிவந்தன. இவை வளர்ந்தோருக்கென எழுதப்பட்டவை. இளையோர் அவற்றைத் தமதாக்கிக்கொண்டனர். இளையோருக்கென்றே எழுதப்பட்டவற்றுள் சுசான் கொலின்ஸ் 2008இல் வெளியிட்ட 'தி ஹங்கர் கேம்ஸ்' உலகெங்கும் பரவியது. அக்கதையில் வரும் மூவிரல் வணக்கத்தை 2014இல் தாய்லாந்திலும் 2021இல் மியன்மாரிலும் இளைஞர்கள் இராணுவ ஆட்சிக்கெதிராக வீதிகளில் உயர்த்தினர். எச்சரிக்கை பலித்ததென்றே சொல்லலாம்.

ஆனால், எச்சரிக்கை என்பது வரப்போவதைப் பற்றியது. வந்து போனதைப் பற்றி எவரும் எச்சரிப்பதில்லை.

நான் பிறந்தது 2001இல், இரணைமடு வாய்க்கால் நீர் பாயும் ஒரு வயற்கிராமத்தில். 2008இன் பிற்பகுதியில் ஊரைவிட்டுப் புறப்பட்டோம். தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, புதுக்குடியிருப்பு என நகர்ந்து முள்ளிவாய்க்காலில் முடிந்த அந்தப் பயணம் தொடங்கும்போது எனக்கு வயது ஏழு. அதன்பின் வவுனியாவுக்கு மேற்கே, முட்கம்பி வேலிக்குள் கூடார வாழ்க்கை. அங்கே எந்த ஊர் என்று கேட்பாரில்லை. எந்த வலயம், எத்தனையாம் இலக்கம் என்றே கேட்டனர்.

ஊர் திரும்பிச் சில ஆண்டுகளின்பின், எனது பதினாறாம் வயதில், எங்கள் வாசிகசாலைக்கு எவரோ அன்பளிப்புச் செய்த நூற்கட்டில் 'ஹங்கர் கேம்ஸ்' நாவலின் அட்டை கிழிந்த பிரதியொன்றைக் கண்டேன். பக்கத்தில் லிப்கோ அகராதியை விரித்து வைத்துக்கொண்டு வாசித்தேன். முதற் பக்கங்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு மணிநேரம் சென்றது. பனெம் என்னும் அந்நாட்டில் மாவட்டங்களுக்குப் பெயரில்லை, இலக்கங்களே உண்டு எனக் கண்டதும் நூலை மூடி வைத்துவிட்டுக் கிணற்றடிக்குப் போய் முகம் கழுவி வந்தது நினைவிருக்கிறது.

ஆண்டுதோறும் பன்னிரண்டு முதல் பதினெட்டு வயது வரையான பிள்ளைகளின் பெயர்கள் சீட்டுகளில் எழுதப்பட்டு, மாவட்டமொன்றிலிருந்து ஓர் ஆணும் ஒரு பெண்ணுமாகக் கொலைக்களத்துக்குத் தெரிவாகின்றனர். வறிய பிள்ளையொன்று தன் பெயரை மேலும் ஒருமுறை எழுதக் கொடுத்தால், ஒருவருக்கு ஓராண்டுக்குரிய தானியமும் எண்ணெயும் வீட்டுக்குக் கிடைக்கும். இந்நூலைப் பற்றிப் பேசுவோர் கொலைக்களக் காட்சிகளையே பெரிதாகப் பேசுவர். எனக்கோ அந்தத் தானியக் கணக்கே நூலின் உயிர்நிலையாகத் தோன்றியது. நிவாரண அட்டையில் ஆட்தொகை குறைந்தால் மாவும் பருப்பும் குறையுமென்று, இறந்தவரின் பெயரை வெட்டக் கொடுக்கத் தயங்கிய வீடுகளை நான் கண்டிருக்கிறேன். கடல்கடந்த ஓர் எழுத்தாளர் அட்டைக்கும் உயிருக்கும் இடையிலான இந்தக் கணக்கை எவ்வாறு அறிந்தார் என்று வியந்தேன்.

ஓர்வெல்லிடமும் இவ்வாறே நேர்ந்தது. '1984' நாவலின் தொடக்கத்தில் மணிக்கூடுகள் வழக்கத்துக்கு மாறான எண்ணிக்கையில் அடிக்கின்றன. விடுதி நண்பர்கள் அதனை ஆசிரியரின் குறும்பு என்றனர். என் தந்தையாரிடம் சொன்னபோது அவருக்கு அதிற் குறும்பொன்றும் புலப்படவில்லை. 1996இல் இலங்கை தன் மணிக்கூட்டை முன்தள்ளியபோது வன்னி பழைய நேரத்திலேயே நின்றுவிட்டது. 2006 ஏப்ரலில் நாடு மீண்டும் பழைய நேரத்துக்கு வரும்வரை, வன்னிக்குள்ளிருந்து வவுனியா நகருக்குச் செல்பவர் கைக்கடிகாரத்தை அரைமணி நேரம் முன்தள்ள வேண்டியிருந்தது. எங்களுக்குப் பத்து மணியென்றால் அவர்களுக்குப் பத்தரை. யாழ்ப்பாணப் பொதுநூலகம் 1981இல் ஏறத்தாழ 97,000 நூல்களுடன் எரிந்ததை அறிந்தவருக்கு, நூல்களை எரிப்பதையே தொழிலாகக் கொண்டோரைப் பற்றிப் பிராட்பரி எழுதியதும் வெறுங் கற்பனையாகப் படாது.

இவ்வாறாயின் நம்மவர் எழுதியவற்றையே வாசிக்கலாமே என்று கேட்கலாம். கோவிந்தனின் 'புதியதோர் உலகம்' 1985இல் வெளிவந்தது. நல்லுலகொன்றைப் படைக்கப் புறப்பட்ட இளைஞர்கள் தம் இயக்கத்துக்குள்ளேயே கேடுற்ற உலகைக் காண்பதைச் சொல்லும் நாவல் அது. ஷோபாசக்தியின் 'கொரில்லா' 2001இல் வந்தது. பல்கலைக்கழகம் வந்தபின் இரண்டையும் வாசித்தேன், இரண்டையும் மதிக்கிறேன். ஆனால், பதினாறு வயதில் அவற்றை எங்கள் வீட்டு விறாந்தையில் வைத்து வாசித்திருக்க முடியாது. அவற்றில் வரும் ஊர்கள் உண்மையானவை. அம்மா இரண்டு வரி காதில் விழுந்தாலே எழுந்து போய்விடுவார். பனெம் எங்குமில்லாத நாடு. அதைப்பற்றி எவரிடமும் எதையும் கேட்கலாம். க.நா.சு. மொழிபெயர்த்த ஓர்வெல்லின் 'விலங்குப் பண்ணை'யை எங்கள் பாடசாலை நூலகத்தில் சிறுவர் கதையென்றெண்ணிக் கீழ்த்தட்டில் அடுக்கியிருந்தனர். அந்தத் தவறு எங்களுக்குப் பெரும் உதவியாயிற்று.

விரிவுரையாளருக்கு நான் சொல்ல எண்ணியது இதுவே. வீட்டில் எவரும் வாய்திறவாத ஒன்றை, வேற்று நாட்டுப் பெயர்களின் மறைவில் நின்று கேட்பதற்கு இக்கதைகள் இளம் வாசகருக்கு இடந்தருகின்றன. வருங்காலத்தைக் காண விரும்பி நாங்கள் அவற்றை எடுக்கவில்லை.

இந்நூல்கள் குறையற்றவையென்று நான் வாதாட வரவில்லை. இளையோரைப் புகழ்ந்தே தம்பக்கம் இழுத்துக்கொள்ளும் தன்மை அவற்றுக்கு உண்டு. இளம் நாயகியே உண்மையைக் காண்பாள். பெற்றோர் அஞ்சியவராகவோ செயலற்றவராகவோ இருப்பர். பதினாறு வயதில் இது மிக இனித்தது. கதையில், கணவனை இழந்த துயரில் வாயடைத்துக் கிடந்த தாயை நாயகி மன்னிக்காததுபோல, நானும் அம்மாவை மனத்துக்குள் பலமுறை கூண்டிலேற்றி விசாரித்தேன். அம்மாவுக்கு அப்போது முப்பத்தெட்டு வயதுதான் என்பதைக் கணக்குப் பார்த்தது வெகுகாலத்தின் பின்னரே.

அவ்விசாரணைக்குக் காரணம் அக்கா. கதையில் தங்கையின் பெயர் சீட்டில் வந்ததும், காட்னிஸ் முன்வந்து தங்கைக்குப் பதிலாகத் தானே போகின்றாள். எங்கள் ஊரிலும் வீட்டுக்கொருவர் என்ற கட்டாயம் வந்தது. அண்ணனுக்குத் தொய்வு நோய். இரவில் மூச்செடுக்கவே இயலாதவன். அக்காவுக்குப் பதினேழு வயது. அவள் தானாகவே போனாள் என்று அம்மா அயலாருக்குச் சொல்வார். அக்கா அதனை ஆமென்றதுமில்லை, இல்லையென்றதுமில்லை. அண்ணன் 2009 ஏப்ரலில் எறிகணை வீழ்ந்து இறந்தான். அக்கா அடுத்த ஆண்டு திரும்பி வந்தாள். வந்தவள் அவனைப் பற்றி எதுவுமே கேட்கவில்லை. எவரோ முன்னரே சொல்லியிருக்க வேண்டும்.

சென்ற தைப்பொங்கல் விடுமுறையில் வீட்டுக்குப் போயிருந்தேன். அக்கா முன்னறையில் தையல் இயந்திரத்தடியிலிருந்து, பாடசாலைச் சீருடைகளுக்குக் கை பொருத்திக்கொண்டிருந்தாள். என்ன படிக்கிறாய் என்று கேட்டாள். பேச்சுவாக்கில் இக்கதையைத் தொடங்கினேன். எந்த நோக்கத்தோடும் தொடங்கவில்லை என்று சொன்னால் அது முழு உண்மையாகாது. காட்னிஸ் முன்வரும் கட்டத்தில் இயந்திரம் நின்றது.

"ஆரும் கேட்டவையோ, இல்லாட்டி அவளாப் போனவளோ?"

"அவளாகத்தான்."

"தாய் பாத்துக்கொண்டு நிண்டதோ?"

"ஓம்."

ஊசியில் நூலைக் கோத்தாள். கோத்திருந்த நூலை உருவி மீண்டும் கோத்தாள். குசினியில் பாத்திரம் கழுவும் ஓசையும் நின்றிருந்ததை அப்போதுதான் உணர்ந்தேன்.

"அந்தத் தங்கச்சி தப்பினவளோ?"

கொலின்ஸின் கதை மூன்று நூல்களாக விரிவது. மூன்றாம் நூலின் இறுதியில் அந்தத் தங்கை குண்டுவெடிப்பில் இறக்கின்றாள். முதலாம் நூலில் அவள் இருக்கின்றாள்.

"ஓம், தப்பினவள்" என்றேன்.

அக்கா மீண்டும் இயந்திரத்தை மிதிக்கத் தொடங்கினாள். இரவு சாப்பாட்டின்போது அவள் ஒன்றும் கேட்கவில்லை. மிச்சக் கதையை எப்போது சொல்லப்போகிறாய் என்று கேட்டவர் அம்மா.

அதன்பின் விடுமுறைதோறும் கொஞ்சங் கொஞ்சமாகச் சொல்லி வருகிறேன். இப்போது இரண்டாம் நூலின் நடுப்பகுதி வரை வந்திருக்கிறோம்.