குழாயைத் திறந்தால் ஹெட்ச் ஹெட்சி

யோசெமிட்டி போகிற நம்மவர்கள் பலரும் அருவியைப் பார்த்துவிட்டுத் திரும்பிடறோம். அடுத்த தடவை பிள்ளைகளை அதே பூங்காவின் வடமேற்கில் இருக்கும் ஹெட்ச் ஹெட்சிக்கும் கூட்டிட்டுப் போங்க.

ஓஷாக்னஸி அணைமேல் நடக்கலாம். ஏரியில் நீந்தவோ படகு விடவோ கூடாது. அது குடிதண்ணீர். சான் பிரான்சிஸ்கோவுக்கு மட்டுமில்லை, பாலோ ஆல்டோ, சன்னிவேல், மில்பிடாஸ் வீடுகளுக்கும் அங்கிருந்துதான் 160 மைலுக்கு மேல் ஓடி வருது.

அந்தத் தண்ணீருக்கு அடியில் ஒரு பள்ளத்தாக்கு இருக்கு. மிவோக், பையூட் பழங்குடிகள் புழங்கிய இடம். ஜான் மியூர் கடைசிவரை எதிர்த்தும், 1913இல் சட்டம் வந்தது. 1923இல் அணை எழுந்தது. 2012இல், பள்ளத்தாக்கை மீட்கத் திட்டம் போடலாமா என்று சான் பிரான்சிஸ்கோ மக்களிடம் வாக்குக் கேட்டார்கள். 77 சதவீதம் பேர் வேண்டாம்னுட்டாங்க.

நமக்கு இது புதுசு இல்லை. 1934இல் முடிந்த மேட்டூர் அணையிலும் ஊர்கள் மூழ்கின. நீர் இறங்கினால் பண்ணவாடியில் நந்தியும் தேவாலயக் கோபுரமும் தலைகாட்டி அதை ஞாபகப்படுத்தும். இங்கே அப்படி எட்டிப் பார்க்கக் கோபுரம் இல்லை, நாமதான் சொல்லணும். பல் தேய்க்கும்போது குழாயை மூடச் சொல்ல, 'பில் ஏறும்' என்பதைவிட இது நல்ல காரணம்.