கரையில் ஒரு அக்கா

நிஷா மில்லட் என்ற பெயர் நம் வயதுக்காரர்கள் சிலருக்காவது ஞாபகம் இருக்கும். 2000ஆம் வருஷம் சிட்னி ஒலிம்பிக்கில் 200 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் நீந்திய பெண். பெங்களூர்க்காரர். ஆனால் நீச்சல் கற்றுக்கொண்டது நம் சென்னையில், ஷெனாய் நகரில். பதக்க ஆசையில் கற்றுக்கொள்ளவில்லை. ஐந்து வயதில் தண்ணீரில் மூழ்கிப் பிழைத்த குழந்தை அவர். அப்பா அதை அப்படியே விடாமல் 1991இல் கிளப் குளத்துக்கு அழைத்துப்போய் நீந்தக் கற்றுக்கொடுத்தார். அடுத்த வருஷமே மாநில அளவில் பதக்கம்.

பிறகு பெங்களூரில் பிரதீப் குமார் என்ற பயிற்சியாளரிடம் போனார். 1999 மணிப்பூர் தேசிய விளையாட்டுப் போட்டியில் மட்டும் 14 தங்கம். அடுத்த வருஷம் ஒலிம்பிக். அப்புறம் முதுகில் அறுவைச் சிகிச்சை, 2004 ஒலிம்பிக் தகுதி நூலிழையில் கைவிட்டுப் போனது, வீட்டுப் பணமும் கரைந்தது. நீந்தியது போதும் என்று நிறுத்திவிட்டார். நம் ஊரில் இதோடு கதை முடிந்திருக்கும். "ரயில்வேயில் வேலை போட்டுக் கொடுத்தாங்களா?" என்று கேட்டுவிட்டு அடுத்த பேச்சுக்குப் போயிருப்போம். (நானும் அரசாங்கக் குமாஸ்தாதான், அதனால் சொல்கிறேன்.) அவர் பெங்களூரில் சொந்தமாக நீச்சல் பள்ளி தொடங்கி, கற்றுக்கொடுக்க ஆரம்பித்தார். எனக்கு அந்த 14 தங்கத்தைவிட இதுதான் பெரிதாகத் தெரிகிறது.

ஏன் என்று சொல்கிறேன். நம் காலத்தில் நீச்சல் எப்படிக் கற்றோம்? பம்புசெட் கிணறு, இடுப்பில் தாம்புக்கயிறு, இல்லாவிட்டால் முதுகில் கட்டிய சுரைக்குடுக்கை. மாமாவோ பெரியப்பா மகனோ மேலிருந்து ஒரே தள்ளு. தண்ணீர் குடித்து, மூக்கெல்லாம் எரிந்து, நாலாம் நாள் எப்படியோ மிதந்துவிடுவோம். வாரக் கடைசியில் மோட்டார் கொட்டகை மேலிருந்து குட்டிக்கரணம் அடித்துக் குதிப்போம். இதெல்லாம் பையன்களுக்கு. பெண் குழந்தைகள் கிணற்று மேட்டில் உட்கார்ந்து எங்கள் சட்டைகளுக்குக் காவல் இருந்தார்கள். கிராமத்துப் பக்கம் புடவையைக் கச்சம் கட்டிக்கொண்டு நீந்திய பெண்கள் உண்டு. நம் காஞ்சிபுரம் டவுனுக்குள் அது கிடையாது. சர்வதீர்த்தத்தில் படியில் உட்கார்ந்து மூன்று முழுக்கு, அவ்வளவுதான்.

பயிற்சியாளர் என்று ஒருவர் இருந்தால் அவர் தள்ளிவிட மாட்டார். சென்னையில் என் பேத்தி கோடை வகுப்பில் சேர்ந்தபோது கரையில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். முதல் நாள் நீச்சலே கிடையாது. இடுப்பளவு தண்ணீரில் நின்று, முகத்தை உள்ளே வைத்து மூச்சை வெளியே விடவேண்டும். தண்ணீருக்குள் மூச்சை விடலாம், இழுக்கத்தான் கூடாது என்று உடம்புக்குப் புரிகிறவரை அதே வேலை. அப்புறம் சுவரைப் பிடித்துக்கொண்டு காலை உதைப்பது. அப்புறம் மல்லாந்து மிதப்பது. பயந்தவன் தலையைத் தூக்குவான், தலை மேலே வந்தால் இடுப்பு கீழே போகும், ஆள் மூழ்குவான். தலையைத் தண்ணீர்மேல் தலையணைபோல் சாய்த்தால் உடம்பு தானே மேலே வரும். இதை நம்பவைக்க, பிடரிக்குக் கீழே ஒரு கை வேண்டும். அந்தக் கை யாருடையது என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

அந்தக் குளத்தில் சேர்க்க வந்த அம்மாக்கள் கட்டணத்தைக் கேட்பதற்கு முன்னால் கேட்ட கேள்வி, "சார், லேடி கோச் இருக்காங்களா?" ஏழெட்டு வயதுவரை யாரும் கவலைப்படவில்லை. பன்னிரண்டு, பதின்மூன்று ஆனதும் பெண்கள் நின்றுவிடுகிறார்கள். உடை ஒரு காரணம், மாதத்தில் சில நாள் வரமுடியாததை ஆணிடம் சொல்லக் கூச்சம் இன்னொரு காரணம். கல்லூரிக்கு வந்தபின் கற்கலாம் என்றால் அங்கே உடற்கல்வி ஆசிரியை இருப்பார், குளம் இருக்காது. குளம் இருக்கும் இடத்தில் அவர் இருக்கமாட்டார். நீச்சல் பயிற்சிக்காக 2015இல் நிஹார் அமீன், 2016இல் பிரதீப் குமார் என்று துரோணாச்சாரியர் விருது கொடுத்தார்கள். இருவரும் தகுதியானவர்கள், இருவரும் ஆண்கள்.

எனக்கு ஒரு பழைய ஞாபகம். நான் படித்தது பிரெஞ்சுப் பள்ளிக்கூடம். 1959இல் கல்கத்தாப் பெண் ஆரத்தி சாஹா ஆங்கிலக் கால்வாயைக் கடந்த செய்தி வந்தபோது எங்கள் ஆசிரியர் வரைபடத்தில் புறப்பட்ட இடத்தைக் காட்டினார்: காப் க்ரி-நே. அதாவது 'சாம்பல் மூக்கு முனை'. வகுப்பே சிரித்தது. ஆரத்திக்கு அப்போது 19 வயது. ஆகஸ்டில் முயன்று தோற்று, செப்டம்பர் 29 அன்று 16 மணி 20 நிமிஷத்தில் அக்கரை ஏறினார். கால்வாயைக் கடந்த முதல் ஆசியப் பெண். அவரும் கங்கைப் படித்துறையில் குளிக்கப்போன இடத்தில் கற்றுக்கொண்டவர்தான். நாலு வயதிலேயே அவரைக் கவனித்துப் பயிற்சி கொடுத்தவர் சச்சின் நாக், 1951 ஆசியப் போட்டியில் இந்தியாவுக்கு நீச்சல் தங்கம் வாங்கித் தந்தவர். பிரெஞ்சில் நீச்சல் ஆசிரியருக்கு 'மெத்ர் நாஜேர்' என்பார்கள், நீச்சல் வாத்தியார் என்று அர்த்தம். அந்தச் சொல்லிலேயே வாத்தியார் ஆண்பால்தான்.

இதெல்லாம் விளையாட்டு விவகாரம் மட்டும் என்றால் நான் இவ்வளவு எழுதமாட்டேன். 2022 ஜூனில் கடலூர் மாவட்டத்தில் கெடிலம் ஆற்றுத் தடுப்பணையில் குளிக்கப்போன ஏழு பேர் இறந்தார்கள். எல்லாரும் பெண்கள், பாதிக்கு மேல் சிறுமிகள். 2023 பிப்ரவரியில் புதுக்கோட்டை மாவட்ட அரசுப் பள்ளி மாணவிகள் கால்பந்துப் போட்டிக்குப் போன இடத்தில் மாயனூர் காவிரியில் இறங்கினார்கள். நாலு பேர் திரும்பவில்லை. கால்பந்து ஆடுகிற பிள்ளைகள் என்றால் காலில் பலம் எவ்வளவு இருந்திருக்கும்! அந்தப் பலத்தைத் தண்ணீரில் எப்படிப் பயன்படுத்துவது என்று பக்கத்தில் இருந்து சொல்லித்தர ஒரு அக்கா கிடைத்திருந்தால் என்று மனசு அடித்துக்கொள்கிறது.

மூழ்குகிறவரைக் காப்பாற்றக் குதிக்கிறவரும் சேர்ந்து போவது ஏன் என்றால், பயந்தவர் கிடைத்ததைக் கட்டிப்பிடித்து அமுக்குவார். அதனால் குதிக்காதே, எதையாவது வீசு என்பதும் பயிற்சியில் ஒரு பாடம். 2020 ஆகஸ்டில் பெரம்பலூர் மாவட்டம் கொட்டரை அணையில் நாலு இளைஞர்கள் மூழ்கியபோது, கரையில் இருந்த மூன்று பெண்கள் கட்டியிருந்த புடவையை அவிழ்த்து வீசி இரண்டு பேரை இழுத்துப் போட்டார்கள். அரசாங்கம் கல்பனா சாவ்லா விருது கொடுத்தது. புடவை ஊர்க்காரர்களான நாம் இதைத் தறிப்பலகையில் எழுதி மாட்டலாம்.

நம் ஊரில் உடற்கல்வி படித்த பெண்கள் இருக்கிறார்கள். அவர்களில் இரண்டு பேரை நீச்சல் பயிற்சிக்கு அனுப்ப எவ்வளவு செலவாகும் என்று போன வாரம் உட்கார்ந்து ஒரு தாளில் கணக்குப் போட்டேன். தங்குவது, சாப்பாடு, பஸ் எல்லாம் சேர்த்தும், நாம் ஒரு கல்யாணத்தில் பந்தலுக்கும் பாட்டுக் கச்சேரிக்கும் கொடுப்பதில் பாதிகூட வரவில்லை. தாள் என்னிடம்தான் இருக்கிறது. சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன். பார்க்க விரும்புகிறவர்கள் வரலாம்.