மாப்பிள்ளைக் கடிகாரம்



கைக்கூலியும் சீதனமும் வேண்டாம் என்று சொல்லும் குடும்பங்கள் இன்று நம்மிடையே இருக்கின்றன, அல்ஹம்துலில்லாஹ். "எங்களுக்கு ஒண்டும் வாணாம்" என்று சொல்லும் மாப்பிள்ளை வீட்டாரை நீங்களும் சந்தித்திருப்பீர்கள். ஆனால் அந்தப் பேச்சு முடியும்போது மெதுவாக வந்து விழும் இன்னொரு வார்த்தையைக் கவனித்திருக்கிறீர்களா? "மகன்ட கைக்கு மட்டும் ஒரு நல்ல மணிக்கூடு போடுங்க. மூத்தவருக்கும் அவங்கட மாமா அப்படித்தான் போட்டாரு."

இந்தச் சின்ன வார்த்தை ஒரு பெண்பிள்ளையின் நிம்மதியை எப்படித் தின்றது என்பதை நான் அருகிலிருந்து பார்த்தேன். சம்பந்தப்பட்டவர்களிடம் கேட்டுக்கொண்டு, பெயர்களை விட்டுவிட்டு எழுதுகிறேன்.

என் நானாவுக்கு அக்குறணையில் ஒரு சிறிய சில்லறைக் கடை. மகளுக்கு நல்ல சம்பந்தம் கூடி வந்தது. மாப்பிள்ளை எதுவும் கேட்கவில்லை. கேட்டது வீட்டுப் பெரியவர்கள். சுவிட்சர்லாந்துக் கடிகாரம் ஒன்றின் பெயரையும் சொல்லி வைத்தார்கள். அதன் விலை பல இலட்சம் ரூபாய். நானா கொழும்பு புறக்கோட்டைக்குப் போனார். அதே பெயர் பொறித்த, பொன் நிறமான கொப்பி ஒன்றைச் சில ஆயிரம் ரூபாய்க்கு வாங்கி வந்தார். கல்யாண நாளில் அது மாப்பிள்ளையின் கையில் மின்னியது. சபை நிறைந்தது என்று எல்லோரும் மகிழ்ந்தார்கள்.

இரண்டு வருடம் கழித்து அந்தக் கடிகாரம் நேரம் பிந்தத் தொடங்கியது. கண்டிக்கு ஒரு வேலையாக நாங்கள் மூவரும் போயிருந்தபோது, "ஏஜன்சிக் கடையிலேயே காட்டிவிடுவோம்" என்று மருமகன் அதைக் கையில் கட்டியபடியே உள்ளே நுழைந்தார். மகளின் நடை வாசலிலேயே தயங்கியதை நான் கண்டேன்.

பழுது பார்ப்பவர் கடிகாரத்தை வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். பின்பக்கம் திருப்பினார். விநாடி முள்ளைச் சிறிது நேரம் உற்று நோக்கினார். இந்த வகை அசல் கடிகாரத்துக்குள் பற்றரி கிடையாது. சுருள்வில்லின் விசையில் ஓடும். அதன் விநாடி முள் ஒரு விநாடிக்குள் எட்டுச் சிறு அடி வைப்பதால் வழுக்கிக்கொண்டு போவது போலத் தெரியும். எங்கள் கடிகாரத்தின் முள்ளோ விநாடிக்கு ஒரு தரம் துள்ளித் துள்ளி ஓடிக்கொண்டிருந்தது. "இதை எங்களுக்குத் திறக்க ஏலாது, சேர்" என்று மட்டும் தாழ்ந்த குரலில் சொல்லி, கடிகாரத்தை மரியாதையாகத் திருப்பித் தந்தார். போலி என்ற சொல்லை அவர் வாயால் சொல்லவேயில்லை.

மருமகனுக்கு விளங்கிவிட்டது. வெளியே வந்ததும் மகள் அழத் தொடங்கினாள். "எனக்கு முதல்லயே தெரியும் மாமி. கல்யாணத்துக்கு முந்தின ராவு வாப்பாவும் உம்மாவும் பேசினது கேட்டிச்சி. இவர் இதைக் கட்டிக்கிட்டு ஒவ்வொரு வீட்டுக்குப் போறப்பவும் யாராவது கண்டுபிடிச்சிருவாங்களோன்னு என்ட நெஞ்சு படபடக்கும்."

இரண்டு வருடங்கள், சகோதரிகளே! கடிகாரம் கணவனின் கையில். அதன் பாரம் மனைவியின் நெஞ்சில்.

மருமகன் கடிகாரத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "மாமாக்கிட்ட இதப்பத்தி யாரும் ஒண்டும் கேக்க வாணாம்" என்றார். அந்தப் பிள்ளையை அல்லாஹ் பொருந்திக் கொள்வானாக!

ஏழைத் தகப்பன் வேறென்ன செய்வார் என்று நீங்கள் கேட்கலாம். நானாவின் மீது எனக்கும் இரக்கம் உண்டு. ஆயினும் கொப்பி என்பது குற்றமில்லாத பொருள் அல்ல. ரொலெக்ஸ் என்ற பெயர் பதிவானது 1908இல். அந்நிறுவனம் நீர் புகாத கடிகாரக் கூட்டை வெளியிட்டது 1926இல். இப்படிப் பலர் பல்லாண்டு உழைத்துச் சேர்க்கும் நம்பிக்கைதான் ஒரு பெயரின் விலை. அதைத் திருடி விற்பதை நமது நாட்டின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டமும் குற்றமாகக் கொள்கிறது.

மார்க்கம் அதற்கும் முன்பே சொல்லிவிட்டது. ஒரு பெண் நபி (ஸல்) அவர்களிடம் வந்து, கணவர் தராத ஒன்றைத் தந்ததாகச் சக்களத்தியிடம் காட்டிக்கொள்ளலாமா என்று கேட்டார். கிடைக்காததைக் கிடைத்ததாகக் காட்டுபவர் பொய்யாலான இரண்டு ஆடைகளை அணிந்தவரைப் போன்றவர் என்று நபியவர்கள் விளக்கினார்கள். அஸ்மா பின்த் அபூபக்ர் (ரலி) அறிவிக்கும் இந்தச் செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். அந்தக் கடிகாரம் அசல் தங்கமாகவே இருந்திருந்தால், ஓர் ஆண் அதை அணிவது ஆகுமானதா? அசலும் கட்ட முடியாத ஒன்றுக்காகவா இந்தப் போலி!

அன்று திரும்பும் வழியில் கண்டி மணிக்கூட்டுக் கோபுரத்தைக் கடந்து வந்தோம். அதைக் கட்டிக் கொடுத்தவர் ஹாஜி முகம்மது இஸ்மாயில். விபத்தில் இளம் வயதில் மரணித்த தம் மகன் முகம்மது ஸக்கியின் நினைவாகக் கட்டினார். 1950 டிசம்பரில் பிரதமர் டி. எஸ். சேனநாயக்க அதைத் திறந்து வைத்தார். ஒரு தகப்பனின் பாசம் ஊருக்கெல்லாம் நேரம் காட்டுகிறது. நாமோ இன்னொரு தகப்பனின் பாசத்தைப் பொய் சொல்ல வைக்கிறோம்.

மஹர் கொடுக்க வசதியில்லாத தோழரிடம் ஓர் இரும்பு மோதிரமாவது கிடைக்குமா என்று தேடிப் பார்க்கச் சொன்னவர்கள் நமது நபியவர்கள். அதுவும் கிடைக்காதபோது, அவருக்குத் தெரிந்த குர்ஆன் அத்தியாயங்களைக் கொண்டே நிக்காஹ் செய்து வைத்தார்கள். அந்த உம்மத்தில் வந்த நமக்கு ஒரு கடிகாரத்தின் பெயரா பெரிது?

ஆண்பிள்ளைகளைப் பெற்ற உம்மாமாரே, உங்களிடம்தான் என் வேண்டுகோள். "எங்களுக்கு ஒண்டும் வாணாம்" என்று சொன்னால் அந்தப் பேச்சை அங்கேயே முடித்து விடுங்கள். பெண்ணைப் பெற்றவர்களே, அன்பளிப்பாகக் கொடுக்க விரும்பினால், உங்கள் கைக்கு எட்டிய விலையில் சொந்தப் பெயரோடு விற்கும் ஒரு கடிகாரத்தைக் கொடுங்கள். அதைக் கட்டிக்கொண்டு எந்தக் கடைக்குள்ளும் தலை நிமிர்ந்து போகலாம். உங்கள் மகளும் பின்னாலேயே தயங்காமல் போவாள்.