தோளும் துப்பாக்கியும்

பழைய .303 துப்பாக்கியை ஒருமுறையேனும் சுட்டவர் அதன் உதையை மறக்கமாட்டார். தேசிய மாணவர் படையில் அதனைத் தூக்கிப் பழகிய நண்பர்களுக்கு இது நான் சொல்லித் தெரிய வேண்டியதன்று. மற்றவர்களுக்காகச் சிறிது கணக்குச் சொல்கிறேன். கணக்கு என்றதும் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம்!

குண்டின் எடை 11 கிராமுக்குச் சற்று மேல். அது நொடிக்கு ஏறக்குறைய 740 மீட்டர் வேகத்தில் குழலை விட்டுப் பாய்கிறது. அதன் பின்னே எரிந்த மருந்தின் ஆவியும் சீறுகிறது. நியூட்டன் சொன்னபடி, முன்னே போனதற்கு ஈடாகப் பின்னே ஒன்று வந்தாக வேண்டுமல்லவா? வருவது 4 கிலோ எடையுள்ள துப்பாக்கி. நொடிக்கு இரண்டரை முதல் மூன்று மீட்டர் வேகத்தில் வருகிறது. பின்கட்டையின் முனையில் இருப்பதோ பித்தளைத் தகடு. படுத்துச் சுடும்போது உடல் பின்னால் அசைந்து கொடுக்காது. அடி முழுவதையும் தோளே வாங்கிக்கொள்கிறது.

நான் படையில் இருந்த ஆண்டுகளில் எங்கள் முகாமுக்கு வந்தவை இஷாப்பூரில் செய்த பழைய துப்பாக்கிகள். பல கைகள் மாறி மரம் கறுத்துப்போனவை. அந்த முகாமில், நம் ஊர்ப்பக்கத்துத் தங்கை ஒருத்தி இருந்தாள். உயரம் ஐந்தடிக்கும் குறைவு. முதல் நாள் சுட்டதில் அவளுடைய ஐந்து குண்டுகளும் இரண்டு சாண் அகலத்துக்குச் சிதறிக் கிடந்தன. தோளில் கன்றிய நீலம். “பெண்களுக்கு இது ஒத்துவராது” என்று ஓர் அதிகாரி முடிவு கட்டிவிட்டார். போட்டிக் குழுவிலிருந்து அவள் பெயரை எடுத்துவிடுவதாகப் பேச்சு. “அண்ணா, வலிக்கிறது என்று நான் ஒரு சொல் சொன்னேனா?” என்று என்னிடம் கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை.

பதில் சொன்னவர் எங்கள் உஸ்தாத். படையில் ஆசிரியரை அப்படித்தான் அழைப்போம். நரைத்த மீசைக்காரர், பேச்சு குறைவு. அவள் அறியாமல் தோட்டாக்களுக்கிடையே மருந்தில்லாப் பயிற்சித் தோட்டா ஒன்றைச் செருகிவைத்தார். அது வந்த முறை வெடிச்சத்தம் இல்லை. ஆனாலும் குழல்முனை கீழே வெட்டி இழுத்தது. உதை வருமுன்பே உடல் அஞ்சிச் சுருங்குகிறது என்று காட்டிவிட்டார். பிறகு அவள் முழங்கையை மடக்கச் சொல்லி, துப்பாக்கியை அதனோடு வைத்துப் பார்த்து, “பேட்டி, கட்டை உனக்கு நீளம்” என்றார்.

லீ என்பீல்டின் பின்கட்டை ஒரே அளவினதன்று. நடுத்தரம் ஒன்று, அதனினும் அரை அங்குலம் நீண்டது ஒன்று, குறைந்தது ஒன்று, ஓர் அங்குலமே குறைந்தது ஒன்று. ஆளுக்கேற்ற சட்டைபோல! நீளக் கட்டையைக் குட்டைக் கையர் பிடித்தால் அது தோள்குழியில் அமராது. புயத்தின் மேல் நிற்கும். உதை எலும்பில் விழும். உஸ்தாத் ஆயுத அறையிலிருந்து குட்டைக் கட்டை ஒன்றைத் தேடி எடுத்தார். முன்கட்டையைக் கழற்றிவிட்டுத்தான் பின்கட்டையின் நீண்ட ஆணியைத் திருகினார். அவசரப்பட்டு நேரே திருகினால் முன்மரம் பிளந்துவிடுமாம்.

உதையின் வலிமை அதனால் ஒரு துளியும் குறையவில்லை. கணக்கு அப்படியே. குறைந்தது வலி, வலி குறைந்ததும் அச்சம் குறைந்தது. மூன்றாம் நாள் ஐந்து குண்டுகளும் ஒரு சாணுக்குள் அடங்கின. அவள் பெயர் குழுவில் நின்றது.

உதையையே குறைக்க வழி இல்லையா? உண்டு. எடை கூட்டலாம், அரை கிலோ ஏற்றினால் உதையின் ஆற்றல் ஒன்பதில் ஒரு பங்கு குறையும். ரப்பர் மெத்தை வைக்கலாம். அது தடுத்து நிறுத்தும் நேரத்தை நீட்டும். குழல்முனையில் துளையிட்ட தடுப்பான் பூட்டி ஆவியைப் பக்கவாட்டில் திருப்பலாம். ஆனால் பக்கத்தில் படுத்திருப்பவன் காது பிழைக்காது. உலகப் போருக்குப் பின் அமெரிக்காவில் மலிவாக விலைபோன இத்துப்பாக்கிகளை வாங்கிய வேட்டைக்காரர் பலர், அழகு செய்வதாக மரத்தை அறுத்தெறிந்தனர். எடை குறைந்தது; உதை கூடியது! 1944-ல் பிரிட்டிஷ் படை காட்டுப் போருக்கென எடை குறைத்துச் செய்த கார்பைனுக்கும் இதே கதிதான். ரப்பர் மெத்தை வைத்தும், அது அகலம் குறைந்ததாய், நாளடைவில் கல்லாய் இறுகித் தோளைப் பதம் பார்த்தது.

நம் நாட்டில் இவற்றை வீட்டில் செய்துபார்க்க இடமில்லை. .303 தனியாருக்குத் தடைசெய்யப்பட்ட துளையளவு. 1959-ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டப்படி உரிமமின்றித் துப்பாக்கியை மாற்றியமைப்பதும் குற்றம். உத்தரப் பிரதேசக் காவல்துறைகூட 2020-ஆம் ஆண்டுக் குடியரசு நாள் அணிவகுப்போடு அதற்கு விடைகொடுத்துவிட்டது.

முகாம் முடிந்தபோது அந்தக் குட்டைக் கட்டையை உஸ்தாத் கழற்றவில்லை. அடுத்த ஆண்டும் குட்டையான ஒரு பிள்ளை வராமலா போகும் என்றார்.