'வலிச்சாதானே மாத்திரை?' - திரேஸ்புரத்து அத்தானுக்கு மச்சான் பிடித்த கயிறு!

தூத்துக்குடி, திரேஸ்புரம் கடற்கரை. காலையில் மீன் ஏலம் களைகட்டும் நேரத்தில், கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து கிழிந்த வலையைச் சரி செய்துகொண்டிருப்பார் அந்த 63 வயதுப் பெரியவர். முப்பது வருடம் சங்கு குளித்தவர். மூச்சடக்கி ஆழம் வரை போய் வந்த நெஞ்சு, நான்கு வருடங்களுக்கு முன்பு மாடிப்படி ஏறும்போது இறுக்கிப் பிடித்தது. நின்றால் விட்டது. நடந்தால் மறுபடியும் பிடித்தது.

வாயுத் தொல்லை என்று சோடா குடித்துப் பார்த்தார். கேட்கவில்லை. பரிசோதனையில், இதய ரத்தக்குழாயில் அடைப்பு இருப்பது தெரிந்தது. உழைக்கும்போது இதயத்துக்குக் கூடுதல் ரத்தம் தேவை. குழாய் குறுகியிருப்பதால் அது கிடைக்காமல் வரும் வலிதான் ஆஞ்சைனா.

தினமும் விழுங்க ஆஸ்பிரின், அட்டோர்வாஸ்டாட்டின், மெட்டோபுரோலால், ஐசோசார்பைடு மோனோநைட்ரேட். வலி வந்தால் நாக்குக்கு அடியில் வைக்க சார்பிட்ரேட். இதுதான் டாக்டர் எழுதிக்கொடுத்த சீட்டு.

பெரியவருக்குப் பிடித்தது கடைசி மாத்திரை மட்டும்தான். வைத்த சில நிமிடங்களில் வலி போய்விடும். மற்றதைத் தின்றால் அசதியாக இருக்கிறது என்று ஒவ்வொன்றாக நிறுத்தினார். "வலிச்சாதானே மாத்திரை?" என்பது அவர் கணக்கு. மனைவிக்குச் சொல்லவில்லை.

பத்து நாள்கூட ஆகவில்லை. வள்ளத்தைக் கரையேற்றக் கைகொடுத்தபோது நெஞ்சு பிடித்தது. நின்றபடியே சார்பிட்ரேட்டை நாக்குக்கு அடியில் வைத்தார். தலை சுற்றி, மணலில் விழுந்தார். ஓடி வந்தது மனைவியின் தம்பி. "அத்தான், மத்த மாத்திரையெல்லாம் எங்க?" என்று அவர் கேட்டபோது பதில் இல்லை. 108 வந்தது.

நல்லவேளையாக மாரடைப்பு இல்லை. ஆனால், டாக்டர் பொறுமையாக உட்கார்ந்து சொன்னவை, நெஞ்சுவலி மாத்திரை இருக்கும் எல்லா வீடுகளுக்கும் பொருந்தும்.

தினசரி மாத்திரைதான் காவல்

சார்பிட்ரேட் வந்த வலியைத் தணிக்கும். மாரடைப்பைத் தடுக்காது. ரத்தம் உறையாமல் பார்த்துக்கொள்வது ஆஸ்பிரின். கொழுப்பைக் குறைத்து அடைப்பு வளராமல் தடுப்பது அட்டோர்வாஸ்டாட்டின். இதயத்தின் வேகத்தைக் குறைத்து அதன் வேலைப்பளுவை இறக்குவது மெட்டோபுரோலால். இதைத் திடீரென்று நிறுத்தினால் வலி முன்பைவிட மோசமாகும். மாரடைப்பே வரலாம். அசதி இருந்தால் டாக்டரிடம் சொன்னால் போதும். அளவை மாற்றித் தருவார்.

சார்பிட்ரேட் ரத்தக்குழாய்களை விரிப்பதால் ரத்த அழுத்தம் இறங்கும். அதனால்தான் பெரியவர் விழுந்தார். எப்போதும் உட்கார்ந்துதான் வைக்க வேண்டும். ஐந்து நிமிடத்தில் வலி குறையாவிட்டாலோ, கூடினாலோ உடனே 108. பைக்கில் ஏறிப் போகக் கூடாது.

இரவில் இடைவெளி எதற்கு?

"காலையில ஒண்ணுதான். ராத்திரிக்கும் ஒண்ணு போட்டா நல்லதுதானே?" என்று மோனோநைட்ரேட்டைக் காட்டி மனைவி கேட்டார். கூடாது. நைட்ரேட் ஓயாமல் உடம்பில் இருந்தால், உடம்பு அதற்குப் பழகிவிடும். மருந்து வேலை செய்யாது. அந்தக் காலத்து டைனமைட் தொழிற்சாலைகளில் நைட்ரோகிளிசரின் படும் தொழிலாளர்களுக்குத் திங்கட்கிழமை தலைவலி மண்டையைப் பிளக்கும். வாரம் போகப் போக அடங்கிவிடும். ஞாயிறு விடுமுறை முடிந்து வந்தால், மறுபடியும் தலைவலி. அதே நைட்ரோகிளிசரினைத்தான் லண்டன் டாக்டர் வில்லியம் மர்ரெல் 1879-ல் நெஞ்சுவலிக்கு மருந்தாக எழுதினார். இரவு இடைவெளியும் மருந்தின் ஒரு பகுதிதான்.

பிறகு எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு டாக்டர் இன்னொன்று கேட்டார். ஆண்மைக் குறைவுக்கான மாத்திரை எதுவும் போடுகிறாரா? பெரியவர் வெட்கத்தோடு தலையாட்டி மறுத்தார். கேட்டதற்குக் காரணம் உண்டு. சில்டெனாஃபில், டடாலஃபில் போன்றவை நைட்ரேட்டோடு சேர்ந்தால் ரத்த அழுத்தம் உயிரைப் பறிக்கும் அளவுக்கு இறங்கும். வெட்கப்பட்டு மறைக்கக் கூடாத விஷயம் இது.

வீட்டில் சொல்லி வைக்க வேண்டிய இன்னொரு தகவல்: 2023-ல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில், நெஞ்சுவலியோடு வருபவர்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை சுகாதார நிலையங்களிலும் முதலுதவி மாத்திரைகள் தருகிறார்கள். ஆஸ்பிரின் 2, குளோபிடோகிரெல் 4, அட்டோர்வாஸ்டாட்டின் 8 என மொத்தம் 14. இவற்றை வீட்டில் நாமாக எண்ணி விழுங்கக் கூடாது.

பெரியவரின் அப்பா முத்துக்குளித்தவர். தூத்துக்குடியில் கடைசியாக 1961-ல் முத்துக்குளிப்பு நடந்தபோது இவர் கைக்குழந்தை. ஆனால், கயிற்றின் கதை மட்டும் கேட்டு வளர்ந்திருக்கிறார். கடலுக்குள் இறங்குபவரின் கயிற்றை மேலே படகில் மச்சான்தான் பிடிப்பாராம். அக்காள் தாலி அறுவதை எந்தத் தம்பி பார்த்துக்கொண்டிருப்பான்?

இப்போது மனைவி ஏழு அறை வைத்த மாத்திரை டப்பா வாங்கியிருக்கிறார். தினமும் காலையில் மச்சானிடமிருந்து போன் வருகிறது.

"அத்தான், போட்டாச்சா?"

"போட்டாச்சு மச்சான்."

"டப்பாவை அக்காகிட்ட காட்டுங்க."

பெரியவர் சிரித்துக்கொண்டே காட்டுகிறார்.